எண்பதிலிருந்து எட்டு

காசிமேட்டில் மே மாதம். தார் இளகி
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
நான் கம்பளி பின்னுகிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.
என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு,
அதற்கு அந்தப் பக்கம் மைனஸ் பதினெட்டு.
இறாலும் கணவாயும் கல்லாய்க் கிடக்கும் அறை.
போகிறவர் பெயரையும் நேரத்தையும் எழுதுவது என் வேலை.

பிலவேந்திரன், உள்ளே 2.10.
பிலவேந்திரன், வெளியே 2.30.

மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே குல்லா, கம்பெனி கொடுத்தது.
வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு வந்தவனுக்கு
அது புருவம் தாண்டி மூக்கில் இறங்கியது.
என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.
ரிஜிஸ்டரோடு பேனாவைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து
"குனி" என்றேன்.
இருபத்திரண்டு அங்குலம், அரை விரல் குறைய.

காது மூடும் வரை யோசிக்க ஒன்றுமில்லை.
எண்பது கண்ணி, சுற்றிச் சுற்றி,
தண்ணீர் டிரம் மாதிரி நேராக ஏறும்.
தலை வளைகிற இடத்தில்தான் கணக்கு.

முதல் தடவை கஞ்சத்தனம்.
கண்ணியை விட மனசில்லாமல்
நாலு சுற்றுக்கு ஒருமுறை குறைத்தேன்.
உச்சி வளர்ந்துகொண்டே போய்
ரோடு தோண்டுகிற இடத்தில் வைக்கும் கூம்பாய் நின்றது.
ஐஸ் வண்டி காஜா அதை ஹாரன்மேல் மாட்டி
ராயபுரம் வரை ஊர்வலம் விட்டான்.
இரண்டாம் தடவை கோபம். கண்டபடி வெட்டினேன்.
சுருக்குப் போட்ட மூட்டை வாய்.

பிரித்தேன். பிரித்த நூல்
நேராக இருந்ததை மறந்து சுருண்டு கிடந்தது.
அதற்குள் அவன் தலையில்
எறும்பு வரிசை போல முடி வந்திருந்தது.

எட்டுப் பின்னு, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு.
சுற்று முடிய எழுபத்திரண்டு.
அடுத்த சுற்று சும்மா.
ஏழு பின்னு, இரண்டைச் சேர். அறுபத்து நான்கு.
சும்மா.
நெல்லூர் லாரி வந்தது. எழுதி, கையெழுத்து வாங்கித் திரும்பி,
விட்ட சுற்றை முடித்து எண்ணினால் ஐம்பத்தேழு.
எங்கோ ஒரு ஜோடியைச் சேர்க்காமல்
தனித்தனியாக விட்டிருக்கிறேன்.
தேடிப் பிடித்துச் சேர்த்தேன்.

நாற்பதில் வட்ட ஊசிக்கு வட்டம் போதவில்லை.
சைக்கிள் கம்பி ஐந்தை உப்புத்தாளில் தேய்த்து வைத்திருந்தேன்.
வேர்வைக் கையில் கம்பளி ஒட்டும், கம்பியில் நகராது.
கதவு திறக்கும்போது வெள்ளைக் குளிர் கணுக்காலை நக்கும்,
அந்த அரை நிமிஷம் கண்ணிகள் வழுக்கி ஓடும்.

வெளியே வந்தவன் கையை உதறிக்கொண்டே பார்த்தான்.
"இன்னாது, மடிவலையா?
எங்கண்ணன் இப்டித்தான் கண்ணு கண்ணா கொறச்சிக்கினே வருவான்,
மீனு நிக்கிற எடம் வர்ற வரிக்கும்."
"இதுல நிக்கப்போறது உன் தலை."
சிரித்தான். காய்ந்திருந்த உதடு வெடித்து
ஒரு சொட்டு சிவப்பு.

முப்பத்திரண்டு. இருபத்து நான்கு. பதினாறு.
எட்டுக் கோடுகள் லேசாக வலப்பக்கம் சாய்ந்தபடி
நடுவை நோக்கி நடந்து வந்தன.
கடைசியில் எல்லாம் ஜோடி, மிச்சம் எட்டு.
நூலை வெட்டி, கோணி ஊசியில் கோத்து
எட்டுக்குள்ளும் நுழைத்து இழுத்தேன்.
முழுக்க மூடவில்லை. உளுந்தளவு ஓட்டை.
இன்னும் இழுத்தால் அறும். விட்டுவிட்டேன்.

பிலவேந்திரன், உள்ளே 4.05.

வந்தபோது குல்லா முழுக்கப் பனி பூத்திருந்தது,
உச்சியில் அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் ஈரம்,
அவன் சூடு வந்துபோன வழி.
வெயிலில் நின்றான். பனி நீராகிக் காதோரம் இறங்கியது.
"கழட்டு, வெந்துடுவே."
"இருக்கட்டும்."

வெளியே என்ற கட்டம் அன்றைக்குக் காலி.
சூப்பர்வைசர் கேட்டார். பேனா காணோம் என்றேன்.
கட்டின நூல் இல்லாவிட்டால்
பேனா எங்கே ஓரிடத்தில் நிற்கிறது.