சுற்றளவு

ஒரே கிழமையில் எடுத்த கார்கள்.
கல்முனை வாகனக் கடையில் பக்கம் பக்கமாய் நின்றவை,
ஒரே வெள்ளை, ஒரே ஆயிரம் சீசீ, மூன்று சிலிண்டர்.
லீசிங் தவணைகூட ஒரே திகதி.
இலக்கத்தகட்டின் கடைசி எண் மட்டும்
அவளுக்கு நாலு, எனக்கு ஒன்பது.

ஞாயிறு காலை மண்முனைப் பாலம் வெறுமையாய்க் கிடந்தது.
கீழே ஒரு தோணிக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.
நிரஞ்சலா கண்ணாடியை இறக்கி
"மூண்டு எண்ணுறன் கா" என்றாள்.
மூன்றில் அவள் போய்விட்டாள்.
என் கார் முதலில் யோசித்தது.
மறுகா எழும்பியது,
தண்ணீர் குடித்து முடித்த எருமை கரைக்குத் திரும்புமே,
அந்த அவசரத்தில்.

பாலத்தின் அந்தத் தொங்கலில்
அவள் கதவில் சாய்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருந்தாள்.

காத்தான்குடி சியாத் பாஸ் பொனற்றைத் திறந்தார்.
பிளக் சுத்தம். பில்டர் சுத்தம். பிரேக் பிடிக்கவில்லை.
"எஞ்சினில பிழையில்ல தங்கச்சி.
பிழையெல்லாம் எஞ்சினுக்குப் பிறகுதான்."
காசு வாங்கவில்லை.

எஞ்சினுக்குப் பிறகு என்ன இருக்கிறது?
நான் இருக்கிறேன், எழுபத்தொரு கிலோ.
டிக்கியில் திரவ நைதரசன் கலன்,
அதற்குள் எப்போதோ செத்துப்போன ஜேர்சிக் காளைகளின்
உறைந்த விந்து.
ஐஸ் பெட்டி, தடுப்பூசி, கம்பூட்ஸ்,
கன்று இழுக்கும் சங்கிலி இரண்டு.
வங்கிக்காரி நிரஞ்சலாவின் டிக்கியில்
ஒரு குடை.

அத்தனையையும் முற்றத்தில் இறக்கிப் பரப்பிவிட்டு
இன்னொருமுறை ஓடிப் பார்த்தேன்.
கொஞ்சம் சுறுக்கு.
கொஞ்சம்தான்.

பிறகுதான் டயர்.
அவள் எழுவான்கரையை விட்டு இறங்காதவள்.
நான் கிழமைக்கு ஐந்து நாள் படுவான்கரை.
கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் கிரவல் வீதியில்
வயிறு கல்லில் உரச உரச,
போன மாரிக்கு முந்திய மாரியில்
ஒரு சைஸ் பெரிதாய் மாற்றினேன்.
மாற்றியதை மறந்தும் போனேன்.

மாட்டின் நெஞ்சைச் சுற்றி நிறை பார்க்கும் நாடா
என் பையில் எப்போதும் உண்டு.
அவள் டயரைச் சுற்றினேன்: நூற்று அறுபத்தேழு.
நாடாவின் மறுபக்கம் சொன்னது, முந்நூற்று எழுபது கிலோ.
என் டயர் நூற்று எண்பத்தொன்று.
நானூற்று அறுபது கிலோ.
நல்ல தீனி, பால் வற்றாத மாடு.

அச்சு ஒருமுறை சுழன்றால்
நான் அவளைவிடப் பதினாலு சென்ரிமீற்றர் கூடப் போகிறேன்.
எட்டி வைக்கிற கால் கனத்துத்தான் எழும்பும்.
முதலாம் கியரில் நிற்கும்போதே
பாதி இரண்டாம் கியரில் நிற்கிறவள் நான்.

இதைச் சொன்னபோது நிரஞ்சலா கச்சான் மெல்வதை நிறுத்தினாள்.
"அப்ப உன்ர மீற்றர்?"

மீற்றருக்குச் சுற்று மட்டும்தான் தெரியும், வீதி தெரியாது.
அறுபது என்று முள்ளு நின்றபோதெல்லாம்
நான் அறுபத்தைந்தில் போயிருக்கிறேன்.
நூறு என்று பயணப்படிப் படிவத்தில் எழுதியதெல்லாம்
நூற்றெட்டு.
பதினாலு மாதம்.
அவள் போனைத் தட்டிக் கணக்குப் பார்த்தாள்.
"ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட, கா.
அரசாங்கத்துக்கு இனாம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"பழைய டயரையே போடன்."

புதன்கிழமை இரவு காக்காச்சிவட்டையில்
கன்று பின்கால் முன்னுக்கு வந்து நின்றது.
சப்பாத்துப் பாலத்தின் மேலால் தண்ணீர்.
இரண்டாம் கியரில், மெதுவாக,
யோசித்து யோசித்துப் போனது என் கார்.
தண்ணீர் கதவடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
விட்டது.

விடிய வந்து படிவத்தை எடுத்தேன்.
தூரம்: முப்பத்தொன்று.
வெட்டினேன்.
முப்பத்து மூன்றரை.
வெட்டிய இடத்தில் சின்னக் கையெழுத்து வைக்கவேண்டும், வைத்தேன்.
திருத்தத்துக்குக் காரணம் என்றொரு கட்டம் இருந்தது,
தீப்பெட்டி ஒட்டும் அளவுக்கு.