ஒரு சொம்பு

மாசிலாமணிக்கு நாடி இல்லை.
மணிக்கட்டில் விரல் வைத்தால்
பூட்டிய வீட்டில் காத்திருப்பதுபோல.
நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால்
அயனாவரத்து மாவுமில்
எங்கோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

இடுப்பில் இரண்டு பாட்டரி.
வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒற்றை ஒயர்.
அந்தத் துளை நனையக் கூடாதென்று
மூன்று மொழியில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

கத்திரி வெயிலில், கரண்ட் போன ஒரு மதியம்,
"ஒரே ஒரு சொம்பு டாக்டர்.
தலைக்குக்கூட இல்ல, தோளுக்குத்தான்."

ஆடியில் முழங்கை மடிப்பில் வீக்கம்.
நெல்லிக்காய். மறுவாரம் எலுமிச்சை.
தமனிச் சுவரைக் கிருமி தின்று தின்று
பலூனாக்கி வைத்திருந்தது.
துடிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது.
இது துடிக்கவில்லை.
சூடாக, சிவப்பாக,
தூங்குவதாகப் பாசாங்கு செய்தது.

ரத்தம் உறையாதிருக்க மருந்து:
நிறுத்தினால் பம்ப் அடைக்கும்,
கொடுத்தால் வீக்கம் வெடிக்கும்.
ஹெபாரினை ஏற்றி இறக்கி
இரவெல்லாம் பேரம் பேசினோம்.

உள்ளே ஒரு ஸ்டென்ட் விட்டு மூடிவிடலாம்,
அரை மணி நேர வேலை என்றான் நவநீதன்.
ஐ.சி.எஃப்பில் இருபத்தெட்டு வருடம் வெல்டர்
படுக்கையிலிருந்து சொன்னார்:
"துருமேல பத்தவெச்சா நிக்காது சார்.
நல்ல இரும்பு தெரியற வரைக்கும்
தேச்சு எடுக்கணும்."
நவநீதன் சிரித்தான்.
என் குறிப்பிலும் அதேதான் இருந்தது,
கொஞ்சம் நீளமாக.

நல்ல சுவர் தெரியும்வரை வெட்டினேன்.
தொடையிலிருந்து ஒரு சிரை,
வால்வுகள் வழிவிடும்படி தலைகீழாகத் திருப்பி,
சீழ் தொடாத தசைக்கடியில் வேறு பாதை.
கிளாம்ப்பை எடுத்தேன்.

விரல்நுனியில் ஒரு குதிப்பு வரும்,
அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று தோன்றும்.
வரவில்லை.
டாப்ளரை வைத்ததும்
ஏற்ற இறக்கமில்லாத ஒரே இரைச்சல்,
நடுராத்திரியில் தெருக்குழாய் திறந்துகொண்டதுபோல.
"வந்துடுச்சு" என்றார் யாரோ, முகக்கவசத்துக்குள்.

ஆறு வாரம் ஊசி.
பிறகு ஆயுசுக்கும் மாத்திரை.
கிருமி இன்னும் பம்ப்பில் குடியிருக்கலாம்,
வீட்டை இடிக்காமல் காலி செய்யவைக்க முடியாது.

வீட்டுக்குப் போகும் நாளில் எஸ்தர் கேட்டாள்:
"அடுத்த கத்திரிக்கு என்ன செய்யறது?"
ஈரத்துணி என்றேன்.
இன்வெர்ட்டர் என்றேன்.
அவள் சார்ஜரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு
முதல் சொம்பு என் தோளில் விழுந்தபோது
"அப்பாடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
அப்புறம் குழாயை மூடிவிட்டு,
சோப்பு நுரையோடு,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.