ஷில்லிங் தீர்ந்த வியாழன்

ஓல்டம் ஊரில், அறுபத்தெட்டு நவம்பரில்
எங்கள் தொலைக்காட்சி காசு தின்று உயிர் வாழ்ந்தது.
முதுகில் ஒரு தகரப் பெட்டி.
ஷில்லிங் போட்டால் படம்,
தீர்ந்தால் இருட்டு.
மாதக் கடைசியில் வாடகைக்காரன் வந்து
எண்ணிக்கொண்டு போவான்.

பதின்மூன்று வியாழக்கிழமை
கலங்கரை விளக்கத்துக் கொலையைத் துரத்தினோம்.
தபால்காரன்தான் என்றான் தம்பி கிளிஃபோர்ட்.
பாதிரியாரின் கையுறையைக் கவனி என்றார் அப்பா.
அம்மா காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வாரம்.
விளக்கு மெல்லச் சுழல்கிறது,
படியில் நிற்கும் உருவம் முகம் திருப்புகிறது,
திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளி.
பிறகு அதுவும் இல்லை.
அப்பாவின் பைகளில் ஒரு பித்தான்,
பஸ் டிக்கெட், புகையிலைத் தூள்.

அப்போதுதான் சுவருக்கு அப்பால்
மிஸஸ் ஆலரென்ஷா கத்தினாள்:
"ஐயோ, அவனா!"

காலையில் போய்க் கேட்டிருக்கலாம்.
கேட்டால் காசில்லாதது தெரிந்துவிடும்.
துணிக்கொடியடியில் அம்மாவே முந்திக்கொண்டாள்:
"நாங்கள் நினைத்த ஆள்தான்."

போன மாதம் நிலையத்துக்கு எழுதினேன்.
மரியாதையான பதில்.
எழுபத்திரண்டில் அந்த நாடாவை அழித்து
அதன்மேல் ஒரு நாய்க் கண்காட்சியைப் பதிந்துவிட்டார்களாம்.

கிளிஃபோர்டுக்குப் போன் செய்தேன்.
"தபால்காரன்தான்" என்றான், அறுபத்தைந்து வயதில்.

மிஸஸ் ஆலரென்ஷா போய் முப்பது வருஷம்.
கதையின் முடிவென்று உலகில் எஞ்சியிருப்பது
என் காதில் அவள் போட்ட அந்தச் சத்தம்.
அவனா என்றாள்.
அவளா என்றில்லை.
ஆக, விளக்குக்காரன் மனைவி நிரபராதி.
அந்த மட்டில் நிம்மதி.