பெல்ட் இல்லாத இரவு

நாளை எக்ஸ்ரே.
இன்று ராத்திரி பெல்ட் வேண்டாமாம்.
பிடி விட்டால் முதுகு எந்தப் பக்கம் போகிறதென்று
பனகல் சாலை டாக்டருக்குத் தெரியணும்.

கழற்றி நாற்காலியில் வைத்தேன்.
நான் இல்லாமலே அது
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

சித்திரை வெக்கை. வில்லாபுரம் முழுக்கக் கரண்ட் இல்லை.
பதினோரு மாதத்துக்குப் பிறகு
ஒரு முழு ராத்திரி
மொட்டைமாடிக் காற்று என் இடுப்புக்கு.
தூக்கம்தான் வரவில்லை.
இடது விலா
சாய எதையோ தேடுகிறது.

“சுவரோட நில்லும்மா. மூச்சை இழு. பிடி. அசையாத.”
பிடித்தேன்.
வெளியே வந்தபோது
அத்தா இன்னும் விடவில்லை.

டாக்டர் பென்சிலால் இரண்டு கோடு கிழித்தார்.
போன ஏப்ரலில் முப்பத்தொன்று
அக்டோபரில் முப்பத்து மூன்று
இன்றும் முப்பத்து மூன்று.
“ஏறலை.”
இறங்கலையா என்று கேட்டது நான்தான்.
“ஏறாததே பெருசு, ருமைசா.”

யானைக்கல் பாலத்தில் நெரிசல்.
ஆட்டோவிலேயே சட்டைக்குமேல் மாட்டி
மூன்றாவது பட்டையை நானே இழுத்தேன்,
அத்தா கண்ணாடியில் பார்க்கப் பார்க்க.

பழைய படம் இரண்டும்
அஸ்லத்துக்கு வேண்டுமாம்,
அடுத்த கிரகணம் பார்க்க.
எடுத்துக்கொள்ளட்டும்.
கண் கெட்டுவிடும் என்று
அம்மா திட்டுவாள், அது வேறு.

இன்றையதை மட்டும்
கொடுக்கமாட்டேன்.