தொழில் என்ற கட்டம்

அசுன்சியோன். வழக்குப் பதிவுப் பிரிவு, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடாத வாரம்.
ஒன்பது மணிக்கே முப்பத்தெட்டு டிகிரி.
குவளையில் ஐஸ் கரைந்து
தெரெரேயின் கசப்பு மட்டும் நாக்கில் மிச்சம்.

படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
நான்காவது: குற்றம் சாட்டப்பட்டவரின் தொழில்.
இருபத்திரண்டு வருடமாக நிரப்பி வருகிறேன்.
கொத்தனார், மாட்டுத் தரகர்,
வேலையில்லை, வேலையில்லை,
ஒருமுறை பாதிரியார்,
ஒருமுறை செனட்டர்.
அன்று என் கை நடுங்கியதாகப் பேசிக்கொண்டார்கள்.
நடுங்கவில்லை. பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது.

மூன்றாம் முறையாக வந்திருக்கிறாள்
எர்மெலிந்தா மரேக்கோ.
உட்காரச் சொல்ல இங்கே நாற்காலி இல்லை.
ஆகஸ்ட் மாதம், லபாச்சோ பூக்கள்
தெருவை இளஞ்சிவப்பாக மூடிக் கிடந்த விடியலில்
சிபா ரொட்டிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
கிளம்பிய நெமேசியோவை
விளக்கு போடாத ஒரு கறுப்பு வண்டி.

ரொட்டிகள் சூடாகவே இருந்தன என்கிறாள்.
இதைக் கேட்க எந்தக் கட்டமும் இல்லை.

ஓட்டியவர் யார்?
நான்தான் என்று கையெழுத்திட்டுவிட்டான்
மாளிகையின் டிரைவர்.
அந்த நேரத்தில் அவன்
தங்கை மகளின் பதினைந்தாம் பிறந்தநாளில்
ஆடிக்கொண்டிருக்கிறான்; போட்டோ இருக்கிறது,
டை தோளில் கிடக்க, கண் பாதி மூடி.
ஜன்னல் இறக்கி எட்டிப் பார்த்த முகத்தை
எர்மெலிந்தா முன்பே அறிவாள்.
அவள் தெருவில் எல்லாச் சுவரிலும்
அது சிரிக்கிறது.

பதவியில் இருக்கும்வரை தொட முடியாது,
என்கிறார் அரசு வழக்கறிஞர் பசுவால்தோ,
படிக்கட்டில் இறங்கிக்கொண்டே.
ரேடியோவில் இரண்டு பேராசிரியர்கள்.
ஒருவர்: தலைவரைக் கூண்டில் ஏற்றினால்
நாடு நின்றுவிடும்.
மற்றவர்: அப்படி ஒரு வரி
சாசனத்தில் எங்கே, விரல் வைத்துக் காட்டுங்கள்.
நாடு நிற்பதைப் பற்றி எனக்குத் தெரியும்.
தினமும் மதியம் சாப்பிட்டதும் நின்றுதான் போகிறது.
தூங்கி எழுந்து, முகம் கழுவி, மறுபடி ஓடுகிறது.

இன்னும் மூன்று வருடம் ஏழு மாதம், என்றேன் அவளிடம்.
பிறகு வழக்குப் போடலாமாம்.
அதுவரை கோப்பு கீழ்த்தளத்தில் உறங்கும்.
அந்த அறையை எனக்குத் தெரியும்.
கறையானுக்குப் பதவிக்காலம் கிடையாது.

அவள் குவரானியில் கேட்டாள்,
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல:
"அப்படியென்றால் நெமேசியோ
மூன்று வருடம் ஏழு மாதம் கழித்துச்
செத்திருக்க வேண்டுமா?"

ரேடியோவை அணைத்தேன்.
வாங்குவது என் வேலை.
எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் ஐந்தாம் மாடி.
வாங்காதே என்று இதுவரை
யாரும் எனக்கு எழுத்தில் தரவில்லை.
பெயர் அடித்தேன், மூன்று சொல், எழுத்துப் பிழையில்லாமல்.
முகவரி: தலைவர் மாளிகை.
கதவு எண் தெரியாததால் கோடு போட்டேன்.

நான்காவது கட்டத்தில் கணினி
ஒரு பட்டியலை விரிக்கிறது.
ரொட்டி சுடுபவர், படகோட்டி, முடிதிருத்துபவர்,
கல்லறைக் காவலர்கூட இருக்கிறார்.
குடியரசுத் தலைவர் இல்லை.
பட்டியல் போட்டவனுக்கு
அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றவில்லை.
'ஓட்டுநர்' மேல் விரல் கொஞ்சம் நின்றது.
அந்த விடியலில் அதுதானே அவர் தொழில்.
ஆனால் அந்தச் சொல்லை
ஏற்கெனவே வேறொருவனுக்கு
விலை பேசி முடித்துவிட்டார்கள்.
கடைசி வரிக்கு இறங்கினேன்: மற்றவை.

நான்காயிரத்து நூற்றுப் பதினேழு
என்று எண் விழுந்தது.
முந்தைய எண் ஒரு கோழித் திருட்டு.

பாலிதீன் பையில் சைக்கிள் மணியை நீட்டினாள்.
சீட்டு ஒட்டி, ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.
"ஞாயிறுதோறும் துடைப்பேன். இங்கே யார் துடைப்பார்கள்?"
துடைக்கக் கூடாது, அது சாட்சி, என்றேன்.
"துருப்பிடிக்குமே."
பிடிக்கட்டும்.
அதையும் எழுதிக்கொள்கிறேன்.