காற்று மாதா கோயிலில் மின்விசிறி

பட்டினப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம்
வலை காயும் சந்து முடிகிற இடத்தில்
காற்று மாதா கோயில்.
கப்பல்காரர்கள் வைத்த பெயராம்.
அவளுக்குத்தான்
எட்டு மின்விசிறி மாட்ட வந்திருக்கிறேன்.

நிலைக்கு மேல் வருஷம் வெட்டியிருக்கிறது.
ஆயிரத்து ஐந்நூற்று...
மீதியை உப்பு தின்றுவிட்டது.
"பறங்கி காலம்" என்றார் கோயில்பிள்ளை பெலவேந்திரன்,
நேற்று ஷிஃப்ட் முடித்துப் போனவனைச் சொல்வதுபோல.

சுவர் நாலடி கனம்.
வயர் போகத் துளை போட்டதில்
மூன்று பிட் போச்சு.
முதலில் டிஸ்டெம்பர்:
வெள்ளை, நீலம், யாரோ கல்யாணத்துக்காக ரோஸ், மறுபடி வெள்ளை.
பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பு.
துகளை நாக்கில் வைத்தேன், கரித்தது.
பிறகு பிஸ்கட் மாதிரி ஒல்லிச் செங்கல்.
அதற்கும் உள்ளே கருங்கல்.
அதன் சத்தமே வேறு.
இங்கே வருமுன் எங்கோ நின்றிருந்த கல்.
டிரில்லை நிறுத்தினேன்.
பெலவேந்திரன் தலை நிமிராமல்
மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்.

பீடத்துக்கு முன்னால் கூரை வளைகிறது.
எட்டு விலா ஓடிவந்து
நடுவில் ஒரு சுதைப்பூவில் முடிகிறது.
"பெரிய ஃபேன் அந்தப் பூவிலேயே தொங்கட்டும்"
என்றிருந்தார் ஃபாதர்.

ஏணியில் இருபத்தெட்டுப் படி.
கிட்டப் போனால்தான் தெரிகிறது.
ஏழு விலாதான் பூவுக்கு வருகிறது.
எட்டாவது, நாலு விரற்கடை தள்ளி
வழி தப்பியவன்போல் நிற்கிறது.
அதை மறைக்கத்தான்
ஒரு பக்கத்து இதழ் மட்டும் அகலம்.

எவன் அவன்?
படுக்கைக்கல் மேல் படுக்கைக்கல் வைத்தே
பழகிய கை.
வளை என்று சொல்லி
காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள்,
தெரியாத பாஷையில் அவசரப்படுத்தியிருப்பார்கள்.
சாரம் பிரிக்கிற அன்று
நீயே கீழே நில் என்றிருப்பார்கள்.
(யாரும் எழுதி வைக்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.)
நின்றிருப்பான்.
விழவில்லை.

அகல இதழின் ஓரத்தில்
ஈரத்தில் அழுத்திய கட்டைவிரல் தடம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
சின்ன விரல்.

பூவைத் துளைக்க மனசு வரவில்லை.
பக்கத்திலேயே, முன்பு விளக்கு தொங்கிய
இரும்பு வளையம்.
இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன்.
தாங்கியது.
அதிலேயே மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில்
எல்லாத் தலையும் மேலே.
"கோணலா இல்ல?" என்றாள்
ஆர்மோனியம் வாசிக்கும் செலஸ்தீனா.
"எலெக்ட்ரீஷியன் தப்பு" என்றது பின்வரிசை.

திங்கட்கிழமை போய்
கொக்கியை மூடும் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு
ஒரு சைஸ் பெரிதாக மாட்டினேன்.