ஒரு சாண் கீழே

கடையில் ஒஸ்மோ சொன்னான்,
"இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை."
குழலை விளக்கடியில் திருப்பிக் காட்டினான்.
நுனியில் மணி இல்லை, நடுவில் பிளவு இல்லை,
திருகாணி போட ஒரு துளைகூட இல்லை.
குளித்துத் துவட்டிய முழங்கை மாதிரி இருந்தது.
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
"எல்லாரும் மேலே கண்ணாடி மாட்டுகிறார்கள்.
இரும்புக் குறி வைத்தால் அதற்கொரு விலை,
அதை நேர்பண்ண ஓர் ஆள்,
அந்த ஆளுக்கு ஒரு காப்பி இடைவேளை."
சிரித்தேன். அட்டையைத் தேய்த்தேன்.
துப்பாக்கியைவிடத் தொலைநோக்கிக்கு
நூறு யூரோ அதிகம்.

மூன்று பருவம் அது என்னைவிட நன்றாகப் பார்த்தது.
நான் புதர் என்று நினைத்ததை
காது, கழுத்து, மூச்சாவி என்று பிரித்துச் சொன்னது.

நான்காம் அக்டோபர், சொத்கமோவுக்கு வடக்கே,
பனியும் மழையுமாகக் கலந்து அடித்த பிற்பகல்.
டாய்ஸ்டோவின் குண்டு மூஸ் மானின் பின்தொடையில்.
அது சதுப்புக்குள் இறங்கிவிட்டது.
அவனுக்கும் எனக்கும் நடுவே ஆறு.
"பாலம் சுற்றி வர நாற்பது நிமிடம்" என்றது கம்பியில்லாக் கருவி.
"நீ முடித்துவிடு."
வாய்க்கால் தாண்டும்போது விழுந்தேன்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
கண்ணாடிக்குள் பார்த்தால்
பால் ஊற்றிய தம்ளர்.

ஹல்லா குரைத்துக்கொண்டே இருந்தாள்.
பதினைந்து தப்படியில் மான், மூன்று காலில்.
அதன் மூக்கடியில் என் நாய்,
இடம் வலம் இடம் வலம்.
சும்மா நீட்டிச் சுட்டுவிடலாம் என்கிற தூரம்தான்.
நாய் இல்லாவிட்டால்.

நெம்புகோலைத் தட்டித் தொலைநோக்கியைக் கழற்றினேன்.
அடியில் அதைத் தாங்கிய பட்டை மட்டும்,
நடுவே ஒரு பள்ளம்.
அதன் வழியாகப் பார்த்தேன்.
வழுவழுவென்று போய்
எங்கே முடிகிறதென்றே தெரியாத இரும்பு.

வாரத்தில் நாலு நாள்
பிறர் வாய்க்குள் வேலை செய்பவள் நான்.
பல் மருத்துவர் கை நீட்டுமுன்
அடைப்புக் கலவையைக் குழைத்து வைப்பவள்.
பைன் பட்டையில் பிசின் வடிந்திருந்தது.
நகத்தால் சுரண்டி, வாயாவியில் இளக்கி,
குழல் நுனியில் ஒரு பொட்டு.
காலடியில் லிங்கன்பெர்ரி,
உறைபனி தொட்ட சிவப்பு.
உருண்டையாய் ஒன்று பொறுக்கி ஒட்டினேன்.
அழுத்தி, பத்து எண்ணினேன்,
வேலையில் எண்ணுவது போலவே.

பட்டை உயரம். பழம் தாழ்வு.
அப்படியென்றால் குண்டு மேலே போகும்.
எவ்வளவு?
விரலால் அளக்க நேரமில்லை.
ஒரு சாண் என்று வைத்துக்கொண்டேன்.
பள்ளத்தில் பழம், பழத்துக்கு மேலே முன்காலின் மூட்டு,
கொல்ல நினைக்கும் இடத்துக்குச் சரியாக ஒரு சாண் கீழே.
ஹல்லா இடம் போனாள்.

அது இரண்டு எட்டு வைத்தது.
உட்காருவதா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்று,
உட்கார்ந்தது.

டாய்ஸ்டோ வந்தபோது இருட்டிவிட்டது.
தலைவிளக்கு வெளிச்சத்தில் காயத்தைப் பார்த்தான்,
கழற்றி வைத்த கண்ணாடியைப் பார்த்தான்.
"எதை வைத்துக் குறி பார்த்தாய்?"
பழம் எங்கோ தெறித்துப் போயிருந்தது.
சொன்னேன். நம்பினானா தெரியவில்லை.
கத்தியை எடுத்துக் குடல் நீக்கத் தொடங்கினான்,
முதல் குண்டைப் பற்றி அவனும் பேசவில்லை.

தொலைநோக்கியை உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.
நல்ல பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை.
கடையில் ஒஸ்மோவிடம் கேட்டேன்.
"இந்த வருடம் நீதான் முதல் ஆள்" என்று
தாளில் குறித்துக்கொண்டான்,
தொழிற்சாலைக்கு அனுப்புவானாம்.
குழலைத் துடைக்க மேசைமேல் எண்ணெய்த் துணி நீட்டினான்.
துடைத்தேன்,
நுனியில் அந்தப் பிசின் பொட்டை மட்டும்
சுற்றிக்கொண்டு.